ஒலிபெருக்கியில் அக்காவின் பெயர்

மைக் செட்காரர் வீட்டில் கல்யாணக் களை கட்டத் தொடங்கியிருந்தது. போன வாரம் அங்கேதான் அவர்களை விட்டுவிட்டு வந்தோம். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் சின்னவளுக்கும் பேக்கரிக்காரர் மகனுக்கும் பேசி முடித்தாயிற்று. பெரியவளோ, "கட்டிக்கிட்டா ஸ்டியரிங்க விட்டுட்டு வீட்டுல இருன்னுவாங்க, நமக்கு ஒத்துவராது" என்று வந்த வரன்களையெல்லாம் திருப்பியனுப்பிவிட்டு ஊரின் ஒரே பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணாவது கரையேறுகிறாளே என்று பூக்கடை வைத்திருக்கும் அவர்களுடைய அம்மாவுக்கு நிம்மதி.

அந்த நிம்மதி, ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் திருவிழாவன்று காலைப் பூசை முடிகிற வரைதான் தாங்கியது.

தேவாலயத்தில் நிற்க இடமில்லை. சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வந்திருந்தது. பீடத்தை ஒட்டிய சின்ன அறையில் மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கோபுரத்தில், பஸ் ஸ்டாண்டில், பேக்கரி மாடியில் என்று ஊர் முழுக்க அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள். வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவன் காதிலும் பூசை விழுந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி.

கடைசியில் சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். அப்படி எழுந்தவர் என்று இந்த ஊரில் இதுவரை யாரும் இல்லை.

"நம் பங்கைச் சேர்ந்த பேக்கரிக்காரரின் மகனுக்கும்..." என்று ஆரம்பித்த சாமியார் மூச்சு வாங்கிக்கொண்டார். "மைக் செட்காரரின் மூத்த மகளுக்கும்..."

சொன்னதோடு நிற்கவில்லை. பெரியவளின் பெயரை, ஞானஸ்நானப் பெயர் உட்பட முழுசாக, தெள்ளத் தெளிவாக வாசித்தார். கோபுரக் குழாய் அதைப் பஸ் ஸ்டாண்டுக்குச் சொன்னது. பஸ் ஸ்டாண்டுக் குழாய் வயல்வெளிக்குச் சொன்னது.

மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயர் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். தப்பான பெயர் வந்தால் மெஷினைத் தட்டி என்ன பயன் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"இவர்களுக்கிடையே திருமணத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்" என்று சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

புருஷன் எழுந்து சொல்வார் என்று அம்மா இருந்தாள். அம்மா சும்மா விடமாட்டாள் என்று புருஷன் இருந்தார். கதவோரம் சீருடையில் நின்றிருந்த பெரியவள், யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல ஒரு அடி முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

சின்னவள் ஆண்கள் பக்கம் பார்த்தாள். மாப்பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். 'மாவு' என்றுதான் ஊரே அவனைக் கூப்பிடும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் புருவத்தில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். அவன் எழுந்திருக்கப் போகிறான் என்று சின்னவள் காத்திருந்தாள். அவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு குழந்தை இருமியது. சாமியார் ஆசீர் கொடுத்தார். மணி அடித்தது, பேண்டு முழங்கியது, ஜனம் வாசலை நோக்கிச் சாய்ந்தது.

அவ்வளவுதான். அந்த நேரத்தை மறுபடி பிடிக்க முடியவில்லை.

*

"உங்க மைக்கு வெளங்குமா? ஊரே கேக்கற மாதிரி மானத்தக் கப்பலேத்திடுச்சே!"

"நான் என்னடி பண்ணேன்? அவர் சொன்னதத்தான் அது சொல்லுச்சு."

"அவர் சொன்னா அப்படியே விட்டுடறதா? குறுக்க ஒரு கொர்ருனு சத்தம் போடவேண்டியதுதானே! மத்த நேரமெல்லாம் போடுதே!"

பல்லக்குக்குச் சுற்ற வேண்டிய பூச்சரத்தைக் கையில் பிடித்தபடியே அம்மா சாமியார் அறைக்குள் நுழைந்தாள். சாமியார் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடடா! சின்னவளுக்கா? சின்னவளுக்குத்தான்! நான்தானே வந்து மோதிரம் மந்திரிச்சேன்!"

"பின்ன ஏன் சாமி பெரியவள வாசிச்சீங்க?"

"அதாம்மா எனக்கும் புரியல. முந்தாநாள் மழையில என்னை இறங்கவிடாம வீட்டு வாசல்வரைக்கும் பஸ்ஸத் திருப்பிக் கொண்டாந்து விட்டா அவ. இவளுக்கு ஒரு நல்லது நடக்கணுமேன்னு வேண்டிக்கிட்டேன். அது மனசுலயே இருந்து வாயில வந்துடுச்சு போல."

"உங்க வேண்டுதல் நல்லாருக்கு சாமி. இப்ப நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

"சாயங்காலம் பல்லக்கு திரும்பி வந்ததும் சதுக்கத்துல எல்லாரும் இருப்பாங்க. அங்கேயே திருத்திச் சொல்லிடறேன். போதுமா?"

அம்மாவுக்குப் போதவில்லை. ஆனால் சாமியாரை அதற்கு மேல் திட்டவும் முடியவில்லை. வெளியே வந்தால், பேக்கரிக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"என்ன சம்பந்தி, பொண்ண மாத்திட்டீங்களா?"

"நாங்க எங்க மாத்தினோம்? சாமிதான் மாத்திட்டாரு!"

"எந்தப் பொண்ணா இருந்தா என்ன, சம்பந்தி நீங்கதானே" என்று சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்ற முகத்தோடு பேக்கரிக்காரர் நழுவினார்.

*

திருவிழா நாளில் பெரியவளுக்கு ஓய்வு கிடையாது. பக்கத்து ஊர்களிலிருந்து ஜனத்தை ஏற்றி வந்து இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏறுகிறவர்களெல்லாம் வாழ்த்திக்கொண்டு ஏறினார்கள். "இனிமே ரொட்டிக்குப் பஞ்சமில்ல!" என்றார் ஒருவர். கண் தெரியாத ஒரு பெரியவர் அவள் தோளைத் தடவி, "மாட்டு வண்டியில வர்றப்ப கேட்டேன்மா, குழாயில உன் பேரு வந்துச்சு. வயிறு குளுந்து போச்சு" என்றார். அவரிடம் எப்படி 'இல்லை' என்று சொல்வது? தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டிய பிறகு, எதற்கு ஆட்டினோம் என்று விழித்தாள்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். கண்டக்டர் டீ குடிக்கப் போனார். அப்போது மாவு ஏறினான். தினமும் ரொட்டித் தட்டுகளோடு பின்வாசலில் ஏறுகிறவன், இன்று வெறுங்கையோடு முன்வாசலில் ஏறினான்.

"அக்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. நிச்சயம் ஆன நாளிலிருந்து, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு மூத்தவளாயிற்றே என்று 'அக்கா' போட ஆரம்பித்திருந்தான். இன்று அந்த அக்கா தொண்டையில் மாட்டிக்கொண்டது.

"என்ன கூப்பிடறதுன்னு தெரியலன்னா டிரைவர்னு கூப்பிடு" என்றாள் பெரியவள்.

"காலைல நான் எந்திரிச்சுத் தப்புன்னு சொல்லிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"கால் எழும்பல."

"காலா, மனசா?"

"அதான் தெரியல. பூசை முடிஞ்சு போனதுலேர்ந்து அதையே யோசிச்சு ஒரு அடுப்பு ரொட்டியக் கருக்கிட்டேன். அப்பா கத்தறாரு."

பெரியவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"இங்க பாரு, என்னைப் பிடிச்சிருக்கு கிடிச்சிருக்குன்னு உளறத்தான் வந்திருக்கன்னா, இப்பவே இறங்கிடு."

"ஐயோ, அதுக்கு வரல."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றிருக்க வேண்டும் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அப்படி இல்லன்னு சொல்லவும் வரல" என்றான் மாவு, தலையைச் சொறிந்துகொண்டு.

"பின்ன எதுக்குத்தாண்டா வந்த?"

"உனக்காவது தெரியுமான்னு கேக்க வந்தேன். நீயும்தானே எந்திரிக்கல?"

பேச்சில் பெரியவளை மடக்கிய ஆள் அதுவரை அந்த ஊரில் கிடையாது. நல்லவேளை, கண்டக்டர் திரும்பி வந்து விசில் கொடுத்தார்.

"இறங்கு. நேரமாச்சு."

அவன் இறங்கினான். அவள் கியர் போட்டாள். தப்பான கியர். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

"டிரைவரம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் கண்டக்டர்.

"வாய மூடிக்கிட்டு டிக்கெட்டப் போடுங்க."

*

வீட்டில் சின்னவளுக்கு ஆறுதல் சொல்ல ஆள் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருத்தியும் வந்து அவள் முகத்தில் கண்ணீரைத் தேடினாள். கிடைக்கவில்லை. புழுக்கத்துக்கு அவள் முகம் கழுவிக்கொண்டு வர, "பாவம், அழுதுட்டு வருது" என்று தங்களுக்குள் முடிவுகட்டிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பெரியவள் வந்தாள். அப்பாவின் சாமான் அறையில், வயர் சுருள்களுக்கும் பழைய குழாய்களுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள் சின்னவள். எதிரே பெரியவளும் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த மைக்கில் ஏதாவது விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டாள். இன்றைக்கு ஒருமுறை ஒலிபரப்பானது போதும்.

"சாயங்காலம் சாமி திருத்திடுவாரு. நீ கவலப்படாத" என்றாள்.

"நான் கவலப்படல."

"அப்புறம் ஏண்டி இப்படி உக்காந்திருக்க?"

"கவலப்படலையேன்னுதான் உக்காந்திருக்கேன்."

பெரியவளுக்குப் புரியவில்லை.

"உன் பேர வாசிச்சாங்கல்ல? எனக்குக் கோவம் வரும்னு பாத்தேன்க்கா. உன் மேல, அவர் மேல, சாமி மேல, யார் மேலயாவது வரணும்ல? வரல. ஸ்கூல்ல மழைக்குத் திடீர்னு லீவு விட்டா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு."

"அடிப்பாவி! அவனைப் பிடிக்கலையா உனக்கு?"

"பிடிக்கும்! அதான் குழப்பமே. நல்லவரு. சிரிக்க வைக்கிறாரு. எல்லாரும் நல்லாருக்குன்னாங்க, எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பிடிச்ச ஆள இன்னொருத்திக்குக் குடுத்துட்டா வயிறு எரியணும்ல? எனக்கு ஏன் எரியல?"

பெரியவள் ஒரு வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"நீ ஏன்க்கா எந்திரிச்சு 'நான் இல்ல'ன்னு சொல்லல? நீதான் எல்லாத்துக்கும் பட்டுனு சொல்றவளாச்சே."

"சொல்லத்தான் போனேன்."

"அப்புறம்?"

"சிரிக்க மாட்டியே?"

"ம்ஹும்."

"கேக்க நல்லா இருந்துச்சுடி. அவனுக்காக இல்ல. என் பேர அப்படி முழுசா, அவ்வளவு பெரிய கட்டடத்துல, யாரோ எனக்காகக் காத்திருக்கிற மாதிரி... எல்லாரும் என்னை டிரைவர், பெரியவள்னுதானே கூப்பிடறீங்க? இன்னும் கொஞ்சம் கேக்கலாம்னு நின்னுட்டேன். அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

சின்னவள் சிரிக்கவில்லை. அக்காவின் கையிலிருந்த வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உனக்கு மாவு வேணுமா?"

"போடி! அவன் எனக்கு..." பெரியவள் நிறுத்தினாள். "இன்னைக்குக் காலைல கேட்டிருந்தா பட்டுனு சொல்லிருப்பேன். இப்பக் கேக்காத."

*

அந்தி சாய்கிற நேரத்தில் பல்லக்கு ஊர் சுற்றித் திரும்பியது. முன்னால் பேண்டு, பின்னால் மெழுகுவர்த்தி பிடித்த ஜனம். பூவுக்கும் கலர் பல்புகளுக்கும் நடுவே பாதுகாவலர் சுரூபம் லேசாக ஆடியபடி சதுக்கத்துக்குள் வந்தது. முன்கம்பைத் தோளில் தாங்கியவர்களில் மாவும் ஒருவன்.

கோயில் படிக்கட்டின் ஓரமாக மேஜை போட்டு மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரை மாற்றி வைத்திருந்தார். சின்னவள் கூட்டத்துக்குள் புகுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, சாமி பேச ஆரம்பிச்சதும் மைக்க அணைச்சிடுங்க."

"என்னது?"

"அணைச்சிடுங்கப்பா."

"ஏம்மா, அவர் உன் பேரத்தானே சரியாச் சொல்லப்போறாரு?"

"அதான் வேணாம்."

"மாப்பிள்ளையோட ஏதாவது சண்டையா?"

"இல்ல."

"பின்ன உனக்கு என்னதாம்மா வேணும்?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட வந்து ஏம்பா நிக்கறேன்?"

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லைதான். ஒரு குமிழைத் திருகினார், மறுபடி பழைய இடத்துக்கே திருகினார். மழையில் நனைந்தபடி குடை பிடித்து, கூட்டம் முடிகிற வரை ஓடவிட்ட செட்டு அது. யார் பேச்சையும் அவர் பாதியில் நிறுத்தியதில்லை.

"உங்கம்மா என்னைக் கொன்னுடுவா" என்றார்.

சாமியார் படியேறி மைக்கைப் பிடித்தார். "அன்பு மக்களே, காலையில் என் வாய் தவறி..."

அத்தோடு ஊர் முழுக்கக் குழாய்கள் அமைதியாயின.

சாமியாரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஜனம் அண்ணாந்து குழாய்களைப் பார்த்தது. 'கரண்ட் போச்சு' என்பதுபோல மைக் செட்காரர் கையை விரித்தார். பாதுகாவலரைச் சுற்றி அத்தனை பல்பும் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. பல்லக்கின் பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மா பல்புகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"மைக் செட்டு படுத்துடுச்சுய்யா!" என்று கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான்.

"பெருசோட சேந்து செட்டுக்கும் வயசாயிடுச்சு!"

சிரிப்பு பரவியது. யாரோ விசிலடித்தார்கள். மைக் செட்காரர் தலையைக் குனிந்து, ஒன்றுமே ஆகாத ஒரு வயரை நோண்டிக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

சின்னவள் கேட்டது கிடைத்துவிட்டது. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்பாவின் காதைப் பார்த்த பிறகு அவளால் போக முடியவில்லை. மடமடவென்று படியேறி, "சாமி, ஒரு நிமிஷம்" என்று மைக்கை வாங்கினாள்.

"அப்பா, போடுங்க."

அவர் நிமிர்ந்தார். தயங்கினார். போட்டார்.

"எங்கப்பா செட்டு நல்லாத்தான் இருக்கு" என்றது கோபுரக் குழாய். "நான்தான் அணைக்கச் சொன்னேன்."

விசில் நின்றது.

"காலைல சாமி தப்பா வாசிச்சாரு. இப்ப சரியா வாசிச்சாரு. தடை இருந்தாச் சொல்லுங்கன்னு கேட்டாரு. தடைன்னு சொல்லத் தெரியல. ஆனா ரெண்டு தடவையும் எனக்கு ஒரே மாதிரி இருந்துச்சு. அப்படி இருக்கக் கூடாதுல்ல? யார் மேலயும் தப்பில்ல. அவர் ரொம்ப நல்லவரு. எனக்குத்தான் இன்னும் தெரியல. தெரியாமலே ஊருக்கெல்லாம் சொல்லிட வேணாம்."

அப்போது பல்லக்குக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வெடித்தது.

"எனக்கும்!"

மாவுதான். சொன்ன வேகத்தில் கையைத் தூக்கிவிட்டான். கம்பு நழுவ, பாதுகாவலர் ஒருபக்கம் சாய, நாலைந்து பேர் பாய்ந்து பிடித்தார்கள்.

"முதல்ல பாதுகாவலர இறக்கி வையிப்பா!" என்று சாமியார் மைக்கே இல்லாமல் ஊருக்கெல்லாம் கேட்கக் கத்தினார்.

சுரூபம் பத்திரமாகத் தரை இறங்கியது. பேக்கரிக்காரர் மகனைப் பார்த்தார், மகன் தரையைப் பார்த்தான். சிரிப்பதா, திட்டுவதா, கலைந்துபோவதா என்று ஜனத்துக்குத் தெரியவில்லை. பேண்டுக்காரர்களுக்கும் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அம்மா மட்டும் கூடையைக் கீழே வைத்தாள். நேராகப் படியேறி வந்தாள். சின்னவளைத்தான் அறையப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சின்னவளைத் தாண்டிப் போய், பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து படியின் ஓரத்தில் நின்றிருந்த பெரியவள் முன்னால் நின்றாள்.

"இவளுக்குத் தெரியலையாம். அவனுக்கும் தெரியலையாம்" என்றாள். குரலில் கோபம் இருந்ததா, வேறு எதுவும் இருந்ததா, சொல்ல முடியவில்லை. "வர்றவங்கள எல்லாம் வாசல்லயே வச்சுத் திருப்பி அனுப்பினியே. காலைல உன் பேரச் சொன்னப்ப நீ ஏண்டி சும்மா நின்ன?"

சின்னவள் கையில் மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அம்மா கேட்டது பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சேர்ந்தது. மைக் செட்காரரின் விரல் ஸ்விட்சின் மேல் போனது. அணைக்கவில்லை.

மாவு தலையை நிமிர்த்தினான்.

தூரத்தில் கண்டக்டர், திரும்பிப் போகும் ஜனத்துக்காக விசிலடித்துக் கூப்பிட்டார். மறுபடி அடித்தார்.

பெரியவள் பஸ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.